மெத்தைக்கு அந்தப் பக்கம்

மெத்தைக் கடையில் சேல்ஸ்மேனாக இருப்பவன் வீட்டில் அப்பாவுக்கு மெத்தை கிடையாது. ஹால் சோபாதான் படுக்கை. ஏன் என்று கேட்டால் மெத்தைக்காரனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "அப்பாவுக்கு சோபாதான் வசதி, முதுகுக்கு நல்லது" என்பான். கடைக்கு வருகிறவர்களிடம் முதுகெலும்புப் படம் போட்ட அட்டையை நீட்டி, சோபாவில் படுத்தால் இடுப்பே போய்விடும் என்று பயமுறுத்துகிறவனும் இதே ஆள்தான். இரண்டையும் வாய் கூசாமல் சொல்வான்.

அந்த வீட்டில் அப்பாவுக்கென்று ஓர் அறை இல்லாமல் இல்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர் தன் சொந்த வீட்டை விற்றுக் கொடுத்த பணத்தில்தான் மகன் நாலாவது மாடியில் இந்த வீட்டை வாங்கினான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்குன்னு ஒரு ரூம் போதும்டா. கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா இருமணும்." பால்கனியோடு இருந்த பின்பக்க அறை அவருக்கு என்று பேச்சு. வீடு பார்க்க வந்த சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்துப் போய், "இது அப்பா ரூம்" என்று மெத்தைக்காரன் பெருமையாகக் காட்டவும் செய்தான். குடிவந்த முதல் வாரம் அந்த அறைக்குள் கிடார் போனது. பிறகு மைக் போனது, லேப்டாப் போனது, கடையில் கழித்துப் போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகள் சுவரெல்லாம் ஏறின. அப்பா மட்டும் போகவில்லை.

அவனுக்கு ஒரு பித்து. மின்கிடாரும் டிரம்ஸும் போட்டுக் கூரையைப் பிய்த்த அந்தக் காலத்து ஆங்கில ராக் பாட்டுகளை எடுத்து, ஒற்றைக் கிடாரில் மெதுவாக வாசித்துப் பாடிப் பதிவு செய்து போடுவான். அவனைப் போல வீட்டுக்குள் உட்கார்ந்து பாடுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதில் ஒரு சட்டம். வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, ஒரே டேக்கில் முழுப் பாட்டும் வரவேண்டும். குழுவின் தலைவரை எல்லோரும் 'தாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். யாரையும் லேசில் பாராட்டமாட்டார். மெத்தைக்காரனின் பாட்டுகளுக்குக் கீழே அவர் எழுதியது எல்லாம் ஒரே சொல்தான்: "சுமார்." அந்தச் சுமாரைப் பார்த்துவிட்டு அவன் சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு. கடையில் முதலாளி அத்தனை பேர் முன்னால் திட்டினால்கூடத் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவன், முகம் தெரியாத ஒரு தாடியின் ஒற்றைச் சொல்லுக்கு உயிரை விட்டான்.

ஒரே டேக் என்றால் வீடே மூச்சை அடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்விசிறி நிற்கும். சுவர்க்கடிகாரத்தின் பேட்டரி கழன்றுவிடும். பிரிட்ஜ் உறுமினால் மைக்கில் விழும் என்று அதன் சுவிட்சையும் அணைத்துவிடுவான். ஆரம்பத்தில் ஒருமுறை திரும்பப் போட மறந்து, பாலெல்லாம் திரிந்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தான். அணைக்கும்போதே பைக் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவான். வெளியே போக வேண்டுமானால் சாவிக்காகப் பிரிட்ஜைத் திறந்தாக வேண்டும், திறந்தால் ஞாபகம் வந்துவிடும். குழுவில் இதை எழுதியபோது ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

பிரிட்ஜை அணைக்கலாம், அப்பாவை எப்படி அணைப்பது? பஸ் புகையையும் தூசியையும் காலமெல்லாம் விழுங்கிய நெஞ்சு அது. இருமல் வந்தால் சுவர் தாண்டும். படுக்கையறையில் வைத்துப் பார்த்தான், சுவர் வழியாக வந்தது. ஒருமுறை, சொன்னால் நம்பமாட்டீர்கள், குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தான், குழாய் வழியாக வந்தது. கடைசியில் அவரைக் கீழே அனுப்பிவிடுவது என்று வழக்கமாயிற்று. கட்டடத்து வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. ஞாயிறு சாப்பிட்டதும் கண்டக்டர் லிஃப்டில் இறங்கி அந்தப் பெஞ்சில் போய் உட்காருவார். மகன் முடித்துவிட்டு வந்து கூப்பிடுவான். "இன்னும் இந்த ஒரு பாட்டுதாம்பா, அப்புறம் ரூம் உங்களுக்குத்தான்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வான். அவரும் ஒவ்வொரு ஞாயிறும் நம்புவார். பெற்றவர்களுக்கு அந்த வியாதி உண்டு.

கண்டக்டரின் கைப்பழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நகராது. பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போகலாம். வேலையை விட்ட பிறகும் அந்தக் கை அதை விடவில்லை. மருமகள் காபி ஊற்றும்போது போதும் என்றால் மேஜையில் ஒரு தட்டு. யாராவது பேச ஆரம்பித்துத் தயங்கினால், மேலே சொல் என்று இரண்டு தட்டு. மெத்தைக்காரன் பொடியனாக இருந்தபோது லீவு நாட்களில் அவனைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போவார். அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தகரத்தில் தட்டவைப்பார். ஒரு தட்டுக்கு அவ்வளவு பெரிய வண்டி நிற்பதைப் பார்த்து அவன் வாயைப் பிளப்பான். அந்த வீட்டில் அந்தக் கணக்கு தெரியாதவர் யாரும் இல்லை.

அந்த ஞாயிறு லிஃப்ட் ஓடவில்லை.

மருந்துக்கடையில் பில் போடும் மருமகளுக்கு அன்று டியூட்டி. காலையில் செருப்பை மாட்டும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள். "லிஃப்ட் ஓடல, மாமாவை இறக்கிக்கிட்டு இருக்காதீங்க. வெயில்லயும் விடாதீங்க, பிரஷர் ஏறியிருக்கு. இன்னிக்கு ஒருநாள் பாடலேன்னா குடி முழுகிடாது." மெத்தைக்காரன் கிடாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டே "ம்" என்றான். அந்த "ம்" ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறிய வார்த்தைக்கு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தான். "அப்பா, இன்னிக்கு அந்தப் பெரிய பாட்டு. சாயந்தரத்துக்குள்ள போடணும், தாடி எல்லாருக்கும் கெடு வச்சிருக்காரு."

"லிஃப்ட் இல்லையேடா. இறங்கிடுவேன், ஏறத்தான் முட்டி விடாது."

"கீழ வேணாம். பால்கனியில உக்காருங்க. ரூம் வழியாத்தான் போகணும், நான் நாற்காலி போட்டுத் தர்றேன். நடுவுல கண்ணாடிக் கதவு, அதுமேல மெத்தை சாத்திட்டா நீங்க எவ்வளவு இருமினாலும் எனக்குக் கேக்காது."

"மேற்கு பாத்த பால்கனிடா. வெயில் நேரா முகத்துல அடிக்குமே."

"அது சாயந்தரம்தாம்பா வரும். அதுக்குள்ள முடிச்சிடுவேன். ஒரே ஒரு டேக்."

கண்டக்டர் அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கட்டில் போட வேண்டிய இடத்தில் மைக் ஸ்டாண்டு நின்றது. "இந்தப் பாட்டோட முடிஞ்சுதா? ரூமைக் குடுத்துடுவியா?" என்று கேட்டார். கேட்கும்போதே குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது, கடன் கேட்கிறவர் மாதிரி.

"சத்தியமாப்பா. இது மட்டும் நல்லா வந்துட்டா நான் ஹாலுக்குப் போயிடறேன், நீங்க இங்க. போதுமா?"

"சரி, போ. நல்லாப் பாடு."

போனை வாங்கிக்கொண்டான். நடுவில் அடித்தால் தொலைந்தது. தண்ணீர் பாட்டிலை அவரே வேண்டாம் என்றார், குடித்தால் பாத்ரூம் போக வேண்டி வரும், நடுவில் எப்படிக் கூப்பிடுவது என்று. "கூப்பிடாதீங்கப்பா, தட்டாதீங்க. முடிஞ்சதும் நானே வந்து திறக்கறேன்" என்றான். கண்ணாடிக் கதவை இழுத்துக் கொக்கி போட்டான். கொக்கி போடாவிட்டால் அந்தக் கதவு சட்டத்தில் சரியாக உட்காராது, இடுக்கில் காற்று சீட்டி அடிக்கும். படுக்கையறையிலிருந்து இரட்டை மெத்தையை இழுத்து வந்து கதவின் மேல் சாய்த்தான். மின்விசிறியை நிறுத்தினான், கடிகாரத்தை நிறுத்தினான், பிரிட்ஜை அணைத்துப் பைக் சாவியை உள்ளே வைத்தான். அப்பாவின் போனையும் கூடவே அதில் போட்டான். பிரிட்ஜுக்கு ஞாபகமாகச் சாவி வைத்த மனுஷன், அப்பாவுக்கு ஞாபகமாக ஒன்றும் வைக்கவில்லை.

முதல் டேக்கில் விரல் வழுக்கியது. அடுத்ததில் மேல்ஸ்தாயியில் தொண்டை கிழிந்தது. அப்புறம் வார்த்தை மறந்தது, அப்புறம் தந்தி இறங்கியது. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினான். ஜன்னலெல்லாம் ஸ்பாஞ்சு, கதவில் மெத்தை, வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது, கழற்றி எறிந்தான். காதில் ஹெட்போன், கண் மூடியிருந்தது. வெயில் மேற்கே இறங்கி, பால்கனியை நிரப்பி, தரைக் கல்லைச் சுடவைத்ததெல்லாம் மெத்தைக்கு அந்தப் பக்கம் நடந்தது.

கடைசியாக அந்த டேக் வந்தது. அப்படி ஒன்று அவன் வாழ்நாளில் வந்ததில்லை. முதல் சரணம் கையை விட்டுத் தானாக ஓடியது. இரண்டாவதில் குரல் சரியான இடத்தில் நடுங்கியது. கடைசிச் சரணத்தில் கிடாரைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு வெறும் குரலில் பாடினான், அவனுக்கே கண்ணீர் வந்துவிட்டது. முடித்ததும் எழுந்து ஒரு குதி குதித்தான்.

போட்டுக் கேட்டான். இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம். டொக். மேல்வீட்டுக்காரன் ஆணி அடிக்கிறான் போல, டேக் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டான். மறுபடி கேட்டான். டொக். கொஞ்சம் விட்டு, டொக். அட! சரியாகத் தாளத்தின் மேல் விழுகிறதே! ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று, முன்னே பின்னே போகாமல், யாரோ தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியில் தட்டுகிற மாதிரி. சரணம் முழுக்க வந்தது, அடுத்ததிலும் வந்தது, போகப் போகக் கொஞ்சம் மெலிந்தது. கடைசிச் சரணம் தொடங்கியதும் நின்றுவிட்டது. வெறும் குரல் மட்டும் தனியாக நின்றது. மெத்தைக்காரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேல்வீட்டுக்காரன் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாட்டை அப்படியே குழுவில் ஏற்றினான்.

கால் தரையில் பாவவில்லை. ஒரு சிகரெட் வாங்கிக் கொண்டாட வேண்டும் போல இருந்தது. பைக் சாவிக்காகப் பிரிட்ஜைத் திறந்தான். சாவி இருந்தது. உடனே சுவிட்சைப் போட்டான். பாலைத் தொட்டுப் பார்த்தான், குளிர் போகவில்லை, நல்லவேளை. அப்பாவின் போனும் சில்லென்று இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை, பாட்டு முடிந்தது, அப்பா கீழே பெஞ்சில் இருப்பார், போகிற வழியில் கூப்பிட்டுக்கொள்ளலாம். பழக்கம் அப்படி நினைத்தது, அவனும் அப்படியே நினைத்தான். லிஃப்ட் ஓடாமல் நாலு மாடியும் படியில் இறங்கினானே, அப்போதுகூட உறைக்கவில்லை. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.

பெஞ்சு காலியாக இருந்தது. எங்கேயாவது காலாற நடந்திருப்பார் என்று பைக்கில் போய்ச் சிகரெட் வாங்கி வந்து பற்றவைத்தான். அப்போதுதான் மனைவி தெருமுனையில் பையோடு வந்தாள்.

"மாமா எங்க?"

"இங்கதான் எங்கயாவது இருப்பாரு. பாட்டு வந்துடுச்சு தெரியுமா? ஒரே டேக்!"

"லிஃப்ட் ஓடலையே. எப்படி இறங்கினாரு?"

சிகரெட் கையிலேயே இருந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவள் பையைப் போட்டுவிட்டுப் படியில் ஓடினாள்.

மெத்தையைத் தள்ளி, கொக்கியை எடுத்துக் கதவை இழுத்ததும் அவர் உள்ளே சரிந்து விழுந்தார், அதன்மேல் சாய்ந்தே கிடந்திருக்கிறார். வேட்டி நனைந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. உடம்பைத் தொட முடியவில்லை, அப்படிச் சுட்டது. அக்கம்பக்கத்துக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். கீழே கொண்டுபோவதற்குள் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது சொன்னான். "காத்து வாங்கணும்னு பால்கனியில உக்காந்தாரு டாக்டர். கதவு தானா மூடிக்கிச்சு போல." பக்கத்தில் நின்ற மனைவி தரையைப் பார்த்தாள். டாக்டர் போனதும் மெதுவாகக் கேட்டாள்: "கொக்கியும் தானா போட்டுக்கிச்சா?" அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். டாக்டர் இருக்கும்போதே கேட்டிருக்கலாம். அந்தப் பாவத்தில் அவளுக்கும் பங்கு உண்டு, அது அவளுக்கும் தெரியும்.

வலது கையும் காலும் போய்விட்டன. நாக்கு குழறியது, ஆனால் அன்று மாலை கொஞ்சம் பேச்சு மிச்சம் இருந்தது. மகன் கட்டில் பக்கத்தில் போய் நின்றதும் கண்டக்டர் கண்ணைத் திறந்து அவனைத் தேடினார். திட்டுவார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். திட்டியிருந்தால்கூடப் பிழைத்திருப்பான்.

"தட்டிட்டேண்டா" என்றார். ஒவ்வொரு எழுத்தும் எங்கோ சிக்கிக்கொண்டு வந்தது. "முடியல. தாளத்துலதான் தட்டினேன். பாட்டு... கெட்டுப்போச்சா?"

அவன் "இல்லப்பா" என்றான். அவர் முகத்தில் பாதி மட்டும் சிரித்தது. மறுநாள் காலையில் பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. அவர் வாய்விட்டுக் கடைசியாகப் பேசியது, மகன் பாட்டு கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டதுதான்.

பாட்டோ எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. குழுவில் அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்து எழுதினார்கள். "அந்தத் தட்டு யாரு? ஆளைச் சொல்லுப்பா!" "தட்டுறவரு கைக்கு மோதிரம் போடணும்." ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மெத்தைக்காரன் ஒவ்வொன்றாகப் படித்தான். கடைசியில் தாடி எழுதியிருந்தார். சுமார் இல்லை. முழுசாக ஒரு பத்தி. "எல்லாரும் தட்டைப் புகழ்றாங்க. நான் அதைச் சொல்லல. கடைசிச் சரணத்துல அதை நிறுத்தினே பாரு, அதுதான் கலை. எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தான் கலைஞன்." இதை அவன் எத்தனை முறை படித்தான் என்று கணக்கில்லை. உள்ளே அப்பா மூக்கில் குழாயோடு கிடக்கிறார், இவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெட்கமாகத்தான் இருந்தது. புல்லரித்ததும் நிஜம்.

அவன் மருந்து வாங்கப் போன நேரம் மனைவி அவன் போனை எடுத்து, இயர்போனைக் காதில் மாட்டிப் பாட்டைக் கேட்டாள். அவன் திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"இந்தப் பாட்டை எடுத்துடுங்க."

"ஏன்?"

"ஏனா? ஒத்தத் தட்டுங்க இது. உங்களுக்குத் தெரியாதா, ஒத்தத் தட்டுன்னா என்னன்னு?"

"தெரியும்." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

"கடைசிச் சரணத்துல ஏன் நின்னுச்சுன்னும் தெரியுமா?"

அவன் மருந்துச் சீட்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு சொன்னான், "எடுத்தா மட்டும் அப்பாவுக்குக் கை வந்துருமா? தாடி எழுதியிருக்காருடி. யாருக்குமே எழுதாதவரு." அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பழகிய முகம்தானா என்று சரிபார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு எழுந்து உள்ளே போய் மாமாவின் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தாள்.

சொன்ன சொல் தவறாத பிள்ளை அவன். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்ததும் பின்பக்க அறையை அப்பாவுக்குக் கொடுத்தான். கடையிலிருந்து புது மெத்தைகூட வந்தது, முதுகுக்கு நல்ல ரகம். மைக் ஹாலுக்குப் போயிற்று. சுவரில் ஸ்பாஞ்சு அப்படியே இருந்தது. "எடுத்துடலாமே, இருட்டா இருக்கு" என்று அவள் கேட்டதற்கு, "சத்தமில்லாம இருந்தாத்தான் அவருக்கு நல்லது" என்றான். இப்போது கண்டக்டர் கதவைச் சாத்திக்கொண்டு இருமலாம். இருமுவதற்குத்தான் நெஞ்சில் பலம் இல்லை. கண்ணை மேலே வைத்துக் கிடப்பார். இடது கை மட்டும் ஆடும். மருமகள் கஞ்சி ஊட்டும்போது போதும் என்றால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டுவார், அவள் உடனே கரண்டியை வைத்துவிடுவாள்.

குழுவில் அடுத்த பாட்டைக் கேட்டு அரித்தெடுத்தார்கள். "தட்டோட வேணும்" என்றார்கள். மெத்தைக்காரன் மரப்பெட்டி வாங்கித் தட்டிப் பார்த்தான். கதவில் தட்டினான், மேஜையில் தட்டினான், ஷூவின் அடியால் தரையில் தட்டினான். ஒன்றும் ஒட்டவில்லை. ஒன்றைப் போட்டும் பார்த்தான். தாடி வந்து பழைய சொல்லை வைத்துவிட்டுப் போனார். சுமார். அந்த இரவு அவன் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு மனைவி டியூட்டிக்குப் போனதும் பிரிட்ஜை அணைத்துச் சாவியை உள்ளே வைத்தான். கிடாரையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு அப்பா அறைக்குள் போனான். சமையலறையிலிருந்து காய் நறுக்கும் பலகையையும் எடுத்துப் போயிருந்தான்.

"அப்பா, ஒரு சின்ன உதவிப்பா. நம்ம பாட்டு எவ்வளவு பேர் கேட்டிருக்காங்க தெரியுமா? எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க. உங்க தட்டைத்தான் கேக்கறாங்க." பலகையை அவர் இடது கைக்குக் கீழே வைத்தான். மைக்கைப் பக்கத்தில் இறக்கினான். "அன்னிக்குத் தட்டினீங்களே, அதே மாதிரி. அதே பாட்டுதான். இன்னொரு தடவை நல்லாப் போடலாம்."

கண்டக்டர் அவனையே பார்த்தார். கை அசையவில்லை.

"தட்டுங்கப்பா." கெஞ்சினான். "இதோ, இப்படி." அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பலகையில் போட்டுக் காட்டினான். பொடியனாக இருந்தபோது அவர் தன் கையைப் பிடித்துத் தகரத்தில் தட்டவைத்தது ஞாபகம் வந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் சொன்னான், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று. கண்டக்டரின் கண்ணோரம் நனைந்தது. சந்தோஷம்தான் என்று எடுத்துக்கொண்டான்.

ஹெட்போனை மாட்டி வாசிக்கத் தொடங்கினான். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது தொடங்கும்போது, டொக். அப்பாவின் கை தானாக எழும்பித் தானாக விழுந்தது. மெத்தைக்காரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அப்படித்தான்" என்று தலையை ஆட்டினான். டொக். கொஞ்சம் விட்டு, டொக். ஒற்றைத் தட்டு, ஒவ்வொன்றாக, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். தட்டு இந்த முறை மெலியவில்லை. தாளத்தையும் விட்டுவிட்டது. வேகமாயிற்று, பலகை அதிர்ந்தது. கடைசிச் சரணம் வந்தது, அவன் குரலைத் தனியாக விட்டான். டொக், டொக், டொக் என்று விழுந்துகொண்டே இருந்தது.

பாட்டை நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினான். முகத்தில் எரிச்சல் அப்பட்டமாக இருந்தது.

"அப்பா, நல்லாத்தான் வந்துச்சு, கெடுத்துட்டீங்களே. கடைசிச் சரணத்துல நிறுத்திடணும்பா. போன தடவை நிறுத்தினீங்கள்ல, அதே மாதிரி." பலகையைச் சரியாக நகர்த்தி வைத்தான். மணிக்கட்டை எடுத்து அதன்மேல் வைத்தான். "சரி, முதல்லேருந்து போவோம்."